கால் அறிந்த வீடு

வீடு மாறுதல் மத்திய அரசு ஊழியர்க்குப் புதிதன்று. மாற்றல் உத்தரவு வரும். மூட்டை முடிச்சுகளைக் கட்டுவோம். புதிய ஊரில் பால்காரரையும் பள்ளிக்கூடத்தையும் தேடிக்கொள்வோம். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதத்தால் வலக்கால் சூம்பிப்போன எனக்கோ இதில் வேறொரு கணக்கும் உண்டு. சென்னையில் பதினோர் ஆண்டுகள் குடியிருந்த வீட்டை என் கால் அறிந்திருந்தது. இருட்டில் எந்த நிலையைப் பற்றவேண்டும், தரை எங்கே தாழ்கிறது என்பனவெல்லாம் எண்ணாமலே தெரியும்.

2019இல் டில்லி இராமகிருஷ்ணபுரத்தில் குடியிருப்பு கிடைத்தபோது, “கீழ்த்தளந்தானே, இனி என்ன குறை?” என்றனர் நண்பர். வாயிலில் மூன்று படிகள், கைப்பிடி இல்லை. குளியலறைத் தரை நான்கு விரற்கடை தாழ்வு. சாய்தளம் ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் இருத்தல் வேண்டும் என்பது விதி. எங்கள் படிகள் ஒன்றரை அடி உயரம். ஆக, பதினெட்டடி வேண்டும். வாயிலுக்கும் சாலைக்கும் இடையில் இருந்ததோ ஒன்பதடி. எனவே கைப்பிடியேனும் வேண்டுமென்று 2016ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சுட்டி விண்ணப்பித்தேன். குமாஸ்தாவுக்கு விண்ணப்பம் எழுதுவதில் என்ன அலுப்பு! கோப்பு நகர ஏழு மாதங்கள் ஆயின.

அதற்குள் குளிர்காலம் வந்தது. இரும்பும் தோலும் சேர்ந்த காலிபரை டில்லியின் மார்கழி விடியலில் வெறுங்காலில் பூட்டிப் பார்த்தவர்க்கே அதன் கடுமை விளங்கும். என் மனைவி முந்திய இரவே அதை ரஜாயிக்குள் வைத்துவிடுவாள்.

மேல்வீட்டுப் பஞ்சாபி அம்மையார் காலைதோறும் மாடிப்படியைக் கழுவிவிடுவார். நீர் எங்கள் வாயிலில் தேங்கும். ஈரத்தரை எனக்கு எமன். அப்போது என்னிடம் இருந்த இந்தி மிகச் சொற்பம். “பானி” என்று சொல்லிக் காலைக் காட்டினேன். மறுநாள் முதல் கழுவியபின் கோணியால் துடைத்து உலர்த்தலானார். காலைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

எங்களைக் குறிக்கும் பெயர்கள் மாறிவிட்டன. தமிழில் மாற்றுத்திறனாளி, இந்தியில் திவ்யாங். நல்லதே, படியின் உயரமும் மாறியிருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். 2014இல் நாட்டில் இந்நோய் ஒழிந்ததாகச் சான்றும் கிடைத்தது. அதற்குமுன் பிறந்த நாங்கள் இன்னும் வேலைக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறோம்.

“திரும்பி வந்துவிடு அப்பா, அங்கே யார் இருக்கிறார்கள் உனக்கு?” என்று அம்மா தொலைபேசியில் இன்றும் கேட்கிறாள். சென்னைக்கு மாற்றல் கோரும் விண்ணப்பம் எழுதிய நிலையில் மேசை அறையில் கிடக்கிறது. மகள் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் ஊன்றிவிட்டாள். சென்னையில் ஆட்டோக்காரர் கைகொடுத்தால்தான் எனக்கு அலுவலகம்; இங்கோ 2018இல் திறந்த மெட்ரோ நிலையத்தின் மின்தூக்கியில் இறங்கித் தனியே போய்வருகிறேன். இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

கைப்பிடியும் வந்துவிட்டது, ஒரு பக்கத்திற்கு மட்டும். மறுபக்கத்திற்கு எழுதியிருக்கிறேன்.