பகுதி பகுதியாகத் தைக்கும் குயில்ட்: ஒரு முறையின் மூலம் தேடி

குயில்ட் என்பது மேல்துணி, நடுவே பஞ்சு விரிப்பு, அடித்துணி என்ற மூன்று அடுக்கும் நகராதபடி பரப்பெங்கும் தையல் ஓட்டிய போர்வை. இரட்டைக் கட்டிலுக்கு உரியது அகலத்தில் ஏறக்குறைய 90 அங்குலம் வரும். வீட்டுத் தையல் மெசினில் ஊசிக்கும் தூணுக்கும் இடையே உள்ளதோ 6 முதல் 8 அங்குலம். நடுப்பகுதியைத் தைக்கப் பாதிப் போர்வையைச் சுருட்டி அந்த இடுக்கில் நுழைக்க வேண்டும். பாரம் இழுத்துத் தையல் கோணும், அடித்துணி சுருங்கும்.

ஆகவே போர்வையை மூன்று நான்கு பகுதிகளாகத் தைத்துப் பிறகு சேர்க்கிறார்கள். வட இலங்கையின் மயிலிட்டிக் கரையில் பெரிய வலையைத் துண்டு துண்டாகக் கட்டிச் சேர்ப்பது போன்ற வேலை இது. இணைப்பு வரும் ஓரத்தில் 2 அங்குலம் தைக்காமல் விடுவார்கள். மேல்துணிகளின் நல்ல பக்கங்களை எதிரெதிரே வைத்து, கால் அங்குலம் உள்ளே மெசினில் தைப்பார்கள். பஞ்சு விரிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மேடு தட்டும். அதனால் அளவாக வெட்டி, விளிம்போடு விளிம்பு வைத்துக் கையால் தளர்வாகப் பிணைப்பார்கள். பிறகு ஓர் அடித்துணியின் ஓரத்தை மடித்து மற்றதன்மேல் கையால் தைத்து, விடுபட்ட இடத்தில் மெசின் தையலை ஓட்டி முடிப்பார்கள்.

இம்முறை எங்கிருந்து வந்தது என்று தேடினால், குயில்ட்டில் மெசின் தையல் பரவும் முன்பே கைத்தையலில் அது தென்படுகிறது. 1989 இல் அமெரிக்காவின் படூக்கா கண்காட்சியில் கரில் பிரையர் ஃபாலர்ட்டின் மெசின் குயில்ட் முதற்பரிசு பெற்றபோதுதான் மெசின் தையலுக்கு முழு மதிப்புக் கிடைத்தது. அதற்கு முன்பே, 1970களின் இறுதியில், வட கரோலினாவின் ஜோர்ஜியா போன்ஸ்டீல் துணியை விரித்துக் கட்டும் பெரிய சட்டம் இல்லாமல் மடியில் வைத்துப் பகுதி பகுதியாகத் தைப்பதைத் தொலைக்காட்சியில் கற்பித்தார்; 1982 இல் நூலாகவும் எழுதினார்.

இன்னும் பின்னே போனால் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் வடகிழக்கிலுள்ள நியூ இங்கிலாந்து. அங்கே பெண்கள் ஒவ்வொரு கட்டத்தையும் தனியே தைத்து, ஓரம் கட்டி, கடைசியில் எல்லாவற்றையும் இணைத்தார்கள். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைவீரருக்கு அனுப்பிய போர்வைகளில் எஞ்சியவை சில இவ்வகையே. ஒரு போர்வையைப் பல வீடுகளில் பலர் பகிர்ந்து தைக்க இது வழிவிட்டது. இடம் குறைவு, கைகள் பல என்ற தேவையே இம்முறையின் மூலம். வீட்டு மெசின் அதைப் பின்னர் எடுத்துக்கொண்டது.

அதே நியூ இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட அமெரிக்க மிஷன் 1816 இல் மயிலிட்டிக்கு அருகிலுள்ள தெல்லிப்பழையில் நிலையம் அமைத்தது. அம்மிஷனைச் சேர்ந்த, கனெற்றிக்கட்டின் நோர்விச் ஊரவரான ஹரியற் வின்ஸ்லோ 1824 இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பள்ளியில் எழுத்தோடு ஊசிவேலையும் பாடமானது. ஐசக் சிங்கர் 1851 இல் காப்புரிமை பெற்ற மெசின் 1877 இல் கொழும்பில் விற்பனைக்கு வந்தது. பகுதி பகுதியாகத் தைக்க இந்த இரண்டும் போதும்: நேர்த்தையல் போடும் சாதாரண மெசின் (மிதிமெசினானாலும் சரி), ஊசிவேலை பழகிய கை.