கம்பியின் கடைசி வீடு

நெய்வேலி மாணவியருக்கு மின்சாரத்தைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். சோவியத் நாட்டின் உதவியோடு எழுந்து, 1962-இல் மின்னுற்பத்தியைத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020-இல் ஓய்வும் பெற்றுவிட்டது. புதிய நிலையங்கள் இரவு பகலாகப் பழுப்பு நிலக்கரியை எரிக்கின்றன. ஆயினும் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வரும் எங்கள் தோழியர் சிலருக்கு, மாலை ஏழு மணிக்கு மேல் டியூப் லைட் கண் சிமிட்டுமே தவிர எரியாது. பொதுத் தேர்வோ நெருங்கி வருகிறது!

மின் நிலையம் பக்கத்தில் இருந்து என்ன பயன்? இங்கே பிறக்கும் மின்சாரம் உயரழுத்தக் கம்பிகளில் ஏறி வெகுதூரம் போய்விடுகிறது. கிராமத்துக்கு வருவது 11,000 வோல்ட் கம்பி. அது டிரான்ஸ்ஃபார்மரில் இறங்கி வீட்டுக்கு 230 வோல்ட் ஆகிறது. கம்பி நீள நீள, அதில் ஓடும் மின்னோட்டம் கூடக் கூட, வழியிலேயே அழுத்தம் குறைகிறது. நாங்கள் படிக்கும் ஓம் விதிதான் இது. வாய்க்காலுக்குக் கடைமடை வயல் எப்படியோ, அப்படித்தான் கம்பிக்குக் கடைசி வீடு.

அந்தக் கம்பியில் பெரும் பசிக்காரர் பம்பு செட் மோட்டார். கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு இழுக்கும். மும்முனை மின்சாரம் வந்தவுடன் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்ட மோட்டார்கள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பினால் அழுத்தம் சரிந்துவிடும். சரிந்தால் மோட்டார் குறைவாக இழுக்கும் என்று எண்ணாதீர்கள்! தூக்க வேண்டிய தண்ணீர் குறையவில்லையே. அதிகமாக இழுத்துச் சூடேறி, காயில் கருகும். சென்ற கோடையில் ஒரு தோழியின் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. காயில் கட்டி வர நான்கு நாள். அதற்குள் கத்தரிச் செடிகள் துவண்டுவிட்டன.

தமிழ்நாட்டில் நீண்டகாலம் பம்பு செட்டுகளைக் குழுக்களாகப் பிரித்து, முறை வைத்து மும்முனை மின்சாரம் வழங்கினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்காதிருக்க அது நல்ல வழி. மோட்டாரோடு கெபாசிட்டர் பொருத்தினாலும் கம்பியில் வீண் மின்னோட்டம் குறையும். டவுன்ஷிப்பில் இருக்கும் எங்களுக்கும் இதில் பங்குண்டு. ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் கிரைண்டரும் மாலை ஏழு மணிக்கேதான் ஓட வேண்டுமா? (அம்மாக்கள் கோபிக்க வேண்டாம்.)

தோழியின் அப்பாவும் பக்கத்து வயல்காரர் மூவரும் இப்போது பேசி வைத்துக்கொண்டார்கள்: மாலையில் இருவர், விடியற்காலையில் இருவர், ஒருவர் மோட்டார் கிளம்பி ஐந்து நிமிடம் கழித்தே அடுத்தவர். அதே டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கும் மாவு மில்காரர் மட்டும் இன்னும் இந்த முறைக்கு வரவில்லை.