தலைகீழாய் நின்ற சுடர்

நேற்றுக் குப்பம் பக்கத்துப் பள்ளியொன்றிலிருந்து திரும்பியது முதல் மனம் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை.

அட்டைப்பெட்டியின் ஒரு முகத்தில் ஊசியால் துளையிட்டு, மறுமுகத்தில் எண்ணெய் தடவிய காகிதத்தை ஒட்டி, எதிரே மெழுகுவத்தியை ஏற்றுமுன், "சுடர் எப்படித் தெரியும், நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு மௌனமாய்க் காத்திருந்த ஆசிரியையின் பொறுமையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

நேராகத்தான் தெரியும் என்றார்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்.

தலைகீழாய்த் தெரிந்தது!

அந்த ஆச்சரியத்திற்குப் பிறகே, ஒளி நேர்கோட்டில் செல்லும் என்ற சூத்திரம் வந்தது. சித்தூரில் நான் படித்த நாளிலோ சூத்திரத்தைப் பத்து முறை எழுதி மனனம் செய்தோம். சோதனை கடைசிவரை வரவேயில்லை.

இப்போதோ, 1999-இல் தோன்றிய அகஸ்தியா அறக்கட்டளை, குப்பத்தை அடுத்த குடிவங்காவில் 172 ஏக்கரில் ஆய்வுக்கூடங்கள் அமைத்ததோடு நில்லாமல், கருவிகளை வண்டியிலேற்றிக் கிராமப் பள்ளிகளுக்கே கொண்டுசெல்வதும், கற்ற பிள்ளையையே மற்றப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் செய்வதும், விஞ்ஞானம் எளியோர்க்கும் உரியது என்பதற்குப் பிரத்தியட்சப் பிரமாணம்.



நேற்றைய வகுப்பு முடியும் தறுவாயில் ஒரு சிறுமி எழுந்தாள்.

"நம்ம கண்ணுக்குள்ளயும் தலைகீழாத்தான் விழுமா மிஸ்? அப்போ ஏன் நேராத் தெரியுது?"

ஆசிரியை உடனே விடை சொல்லவில்லை. "நாளைக்குள்ள எல்லாரும் யோசிச்சிட்டு வாங்க" என்றார்.

இரவெல்லாம் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் வகுப்பில் இப்படியொரு கேள்விக்கு இடமிருந்ததா?