நீ உட்காரும்மா

அம்மா இன்று எல்லாவற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்த்திருக்கிறாள் என்றால், அதில் ஒரு பங்கு பக்கவாதத்தின் வேலை. மறுபங்கு என் வேலை. இதை மழுப்பாமல் சொல்லிவிட வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் முன் ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வந்தார். பிசியோ ஏற்கெனவே நடக்க வைத்துக்கொண்டிருந்தார்; இவர் எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் கேட்டார்: “அம்மா, வீட்டுக்குப் போனதும் எதை நீங்களே செய்யணும்னு ஆசைப்படறீங்க?” அம்மா வாய் திறப்பதற்குள் நான் புகுந்தேன். “அவங்க எதுக்குச் செய்யணும்? நாங்க இருக்கோமே!” அதன்பிறகுதான் அம்மா, “காப்பி போடணும்” என்றாள்.

அவர் அந்தக் காப்பியிலிருந்தே தொடங்கினார். பாத்திரம் நழுவாமலிருக்க அடியில் ஈரத்துணி. காயைச் செருகி ஒற்றைக் கையால் நறுக்க, ஆணிகள் மேல்நோக்கி நிற்கும் பலகை. ரவிக்கை போடும்போது முடங்கிய இடது கை முதலில் நுழைய வேண்டும், கழற்றும்போது அது கடைசியாக வர வேண்டும். கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் முழுக்கத் தரையில் படிய வேண்டும். கழிவறையில் கைப்பிடி வலப்பக்கம். இடது கை சும்மா கிடக்கக் கூடாது, டம்ளரை அணைத்துப் பிடிக்கவாவது அதைக் கூப்பிட வேண்டும் என்று இரண்டு முறை சொன்னார். புழங்காத கையை மூளை கைவிட்டுவிடும். பிறகு அசைக்க முடிந்தாலும் ஆள் அதை அசைக்க மாட்டார். எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார் என்பதை நான் வெகு தாமதமாகப் படித்தேன்.

பலகை செய்யவில்லை. கைப்பிடி வைத்தேன், கொத்தனாருக்குத் தோதான சுவரில். அது இடப்பக்கச் சுவர்.

அம்மாவின் வேலைகளையெல்லாம் நானே செய்தது பாசத்தால்தான் என்று வெகுகாலம் நம்பினேன். அது முழு உண்மையல்ல. அம்மா ஒரு ரவிக்கை போட்டு முடிப்பதற்குள் எனக்கு ஆபீஸ் பஸ் போய்விடும். நானே மாட்டிவிட்டால் சட்டென்று வேலை முடியும். அதோடு, முடியாத தாயை வேலை வாங்குகிறாள் என்று தெருவில் பேசுவார்களோ என்ற பயம். “நீ உட்காரும்மா” என்று சொல்லிச் சொல்லியே தலை வாரினேன், ஊட்டினேன், குளிப்பாட்டினேன். உறவினர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன். அம்மா மட்டும் மெல்ல மெல்லக் கேட்பதை நிறுத்தினாள். தண்ணீர் குடிக்கக்கூட என் முகத்தைப் பார்த்தாள்.

வேலூர்க்காரி நான். டாக்டர் மேரி வர்கீஸைப் பற்றிப் பள்ளிப் பேச்சுப்போட்டியில் முழங்கியவள். 1954-ல் ஒரு விபத்தில் கால்கள் செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். 1966-ல் இதே ஊரில் மறுவாழ்வு மையம் உருவாகக் காரணமானவர். அவரை வியந்த எனக்கு, என் வீட்டில் ஒரு கிழவிக்கு அடுப்படியைத் திறந்துவிட மனம் வரவில்லை.

காய்ச்சலில் நான் படுத்த வாரம் அம்மா பட்டினி கிடந்தாள். எட்டும் தூரத்தில் இட்லி இருந்தது. எடுத்துச் சாப்பிடலாம் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. அப்போதுதான் அந்தத் தெரபிஸ்டைத் தேடிப் போனேன்.

இப்போது மேஜைமேல் இண்டக்‌ஷன் அடுப்பு, அதற்கு முன்னால் கை வைத்த நாற்காலி. டிகாக்‌ஷன் மட்டும் நான் இறக்கி வைக்கிறேன். பாலைக் காய்ச்சிக் கலப்பது அம்மா. கைப்பிடியைப் பெயர்த்து வலப்பக்கம் மாட்டியாயிற்று. இடது கையைப் பற்றித் தெரபிஸ்ட் என்னிடம் தனியாகச் சொன்னார்: ஆரம்ப மாதங்களில் பழக்கியிருந்தால் இதைவிடத் தேறியிருக்க வாய்ப்பு உண்டு, இனி கொஞ்சம்தான் எதிர்பார்க்கலாம். அம்மா இன்னும் அதை நோயின் குற்றம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் இதைச் சொல்ல எனக்கு இதுவரை துணிவு வரவில்லை.