பதினோராம் எண் கூண்டு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் பத்திரிகைகளில் தவறாமல் இடம்பெறும் வரி ஒன்று உண்டு. 'தூத்துக்குடி, பாம்பன், நாகப்பட்டினம் துறைமுகங்களில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது' என்பதுதான் அது. காலைக் காப்பியோடு இதைப் படிக்கிற நமக்கு, இன்று குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டா, கையில் குடை எடுத்துக்கொள்ள வேண்டுமா என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றுவதில்லை. அந்தக் கூண்டுக்குள் இருப்பது கிளியா, புலியா என்று நாம் விசாரித்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கார்த்திகையில், உறவினர் வீட்டுக் காரியமாகத் தூத்துக்குடியில் பத்து நாள் தங்கும்படி ஆயிற்று. காரியம் பகலில் இரண்டு மணி நேரம்தான். மிச்சப் பொழுதை மீன்பிடித் துறைமுகத்திலும், நாட்டுப் படகுகள் கரை ஏறுகிற திரேஸ்புரத்திலும் கழித்தேன். மீன் வாங்கவும் தெரியாமல், விற்கவும் இல்லாமல், சும்மா நிற்கிற மனிதனை முதல் நாள் எல்லாரும் சந்தேகத்தோடு பார்த்தார்கள். மூன்றாம் நாள், "ஐயாவுக்கு ஒரு டீ போடு" என்று டீக்கடைக்காரரே சொல்லுகிற அளவுக்கு ஊர்க்காரனாகிவிட்டேன்.

அங்கே பொழுது விடிவது சூரியனால் அல்ல. விசைப்படகுகள் காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, இரவு ஒன்பது மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது அந்தத் துறையின் விதி. ஆகவே மூன்று, நான்கு மணிக்கே சந்தடி தொடங்கிவிடும். ஐஸ் கட்டிகளை உடைக்கிற சத்தம், டீசல் கேன்கள் உருளுகிற சத்தம், மறந்துபோன சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு ஓடிவரும் பையனின் கூப்பாடு. பிறகு பகல் முழுவதும் துறை பாதித் தூக்கத்தில் இருக்கும். வலை பின்னுகிறவர்களும் பூனைகளுமே மிச்சம். இருட்டியதும் மறுபடி உயிர் வரும். சீலாவும் விளமீனும் பாறையும் கணவாயும் கூடை கூடையாக இறங்கும். ஏலம் போடுகிறவரின் குரல் மற்ற எல்லாச் சத்தத்தையும் அமுக்கிவிடும். அவர் சொல்லுகிற தொகை எனக்குக் கடைசி வரையில் புரியவில்லை. வாங்குகிறவர்களுக்கோ ஒரு கண் சிமிட்டலே போதுமாயிருந்தது.

இந்த ஊரில் சமாசாரம் என்றால் என்ன என்பதை டீக்கடை பெஞ்சியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். அரசியல் பேசுவார்கள், சினிமாவும் பேசுவார்கள். ஆனால் அவையெல்லாம் பலகாரம், சோறு வேறு. முதல் சமாசாரம் காற்று. வாடையா, கொண்டலா, கச்சானா, சோழகமா என்று பெயர் சொல்லித்தான் கேட்பார்கள், வீட்டுக்கு வந்த விருந்தாளி யார் என்று கேட்பதுபோல. இரண்டாவது விலை. இங்கே பிடிபடுகிற மீனில் பெரும் பகுதி லாரி ஏறிக் கேரளத்துக்குப் போகிறது. அதனால் அந்தச் சீமைப் பஞ்சாங்கம் இவர்களுக்கு மனப்பாடம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது முடிந்து இவர்கள் கடலில் இறங்குகிற சமயத்தில் கேரளத்தில் தடை தொடங்கியிருக்கும். ஜூலைக் கடைசி வரையில் நீடிக்கும். அங்கே படகு கட்டிக் கிடந்தால் இங்கே மீனுக்குக் கிராக்கி. ஒருவர் அடுப்பு அணைந்திருக்கிற நாளில்தான் இன்னொருவர் அடுப்பு நன்றாக எரிகிறது என்பது கடல் தொழிலின் கசப்பான கணக்கு.

மூன்றாவது சமாசாரத்தை யாரும் உரக்கப் பேசுவதில்லை. "உங்க வீட்டுல கரை அடைஞ்சாச்சா?" என்று பெண்கள் ஒருவரையொருவர் தாழ்ந்த குரலில் கேட்டுக்கொள்வார்கள். "ஆச்சு" என்ற ஒரு சொல்லோடு அது முடிந்துவிடும்.

கூண்டு விஷயத்தை எனக்கு விளங்கவைத்தவர் கடல் தொழிலிலிருந்து ஓய்ந்துபோன ஒரு பெரியவர். கம்பத்தில் ஏற்றுகிற கூம்பும் உருளையுமான சின்னங்கள்தாம் கூண்டுகள். இரவில் அவற்றுக்குப் பதிலாகச் சிவப்பும் வெள்ளையுமான விளக்குகள். 1864-ல் கல்கத்தாவைப் புயல் சூறையாடியது. மறு ஆண்டே அந்தத் துறைமுகத்தில் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. நாளடைவில் எல்லாத் துறைமுகங்களுக்கும் பரவியது. ஒன்றும் இரண்டும், தொலைவில் கடல் குமுறுகிறது என்று பொருள். மூன்றும் நான்கும் நம் துறைமுகத்துக்கே கவலை. ஐந்து முதல் ஏழு வரையில் அபாயம். எட்டு, ஒன்பது, பத்து என்றால் பேரபாயம்.

"பத்தோடு சரியா?" என்றேன்.

"பதினொண்ணு இருக்கு ஐயா" என்றார் பெரியவர். "அது ஏறிச்சுன்னா, வானிலை ஆபீசோட தொடர்பு அறுந்துபோச்சு, சேதி கிடைக்கலைன்னு அர்த்தம். எல்லாத்திலும் பெரிய நம்பர் அதுக்குத்தான்."

எனக்குத் திடுக்கிட்டது. பேரபாயத்துக்கும் மேலான எண்ணை, செய்தியே இல்லாத நிலைக்கு ஒதுக்கிவைத்த அந்த உத்தியோகஸ்தர் யாரோ! மனித மனத்தை அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

நான் ஊர் திரும்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஒன்றாம் எண் கூண்டு ஏறிற்று. கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வந்தது. போனவர்களுக்கும் கைப்பேசியில் சொல்லி ஆயிற்று. மாலைக்குள் வள்ளங்கள் ஒவ்வொன்றாகத் திரேஸ்புரம் வந்து சேர்ந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. கரையில் ஓர் அம்மாள் முந்தானையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். அழவில்லை, யாரிடமும் பேசவும் இல்லை. பக்கத்தில் இன்னும் நாலைந்து பெண்கள், தங்கள் வீட்டு ஆண்கள் வந்துவிட்ட பிறகும், வீட்டுக்குப் போகாமல் அவளோடு நின்றார்கள்.

"சாயங்காலம் போனில் பேசினாராமே, அம்மா?" என்று ஆறுதலாகக் கேட்டேன்.

"பேசினாக ஐயா. போன்ல குரல்தானே வரும்? ஆளு வரணும்ல?" என்றாள்.

இரவு பத்தரை மணிக்கு ஆள் வந்தார். இயந்திரம் பழுதாகி, வேறொரு வள்ளம் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருந்தது. அந்த அம்மாள் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. "சோறு ஆறிப்போச்சு" என்று சிடுசிடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். அவர் தலை குனிந்து பின்னால் போனார். மறுநாள் பத்திரிகையில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கூண்டு ஏற்றிய வரி மட்டும் இருந்தது.

எல்லா வீட்டுக்கும் இப்படிப் பத்தரை மணி வருவதில்லை. 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் சீறியபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்க்காரர்கள் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். கரையில் ஏறிய எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. அதற்கு அன்று வழியும் இல்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. டிசம்பர் 7-ந் தேதி ஆயிரக்கணக்கான மக்கள் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். முதலில் அவர்கள் கேட்டது, காணாமற்போனவர்களைத் தேடுங்கள் என்பதுதான்.

நம் சாட்சியச் சட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. ஏழு ஆண்டுகளாக ஒருவரைப் பற்றி, இயல்பாகக் கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்களுக்கு எந்தத் தகவலும் இல்லையானால், அவர் இறந்துவிட்டதாகக் கொள்ளலாம். ஒக்கியின்போது ஏழாண்டு காத்திராமல் அரசு நிவாரணம் கொடுத்தது. அது நியாயமான காரியம். ஆனால் சட்டமும் கடலோரத்துப் பெண்ணும் ஒரே விஷயத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள்: தகவல் இல்லாத நாட்களை. சட்டம் ஏழு ஆண்டில் எண்ணி முடித்துவிடுகிறது.

இப்போது விசைப்படகுகளில் செயற்கைக்கோள் மூலம் செய்தி வாங்கவும் அனுப்பவும் கருவிகள் பொருத்தி வருகிறார்கள். பதினோராம் எண்ணைப் படகிலிருந்தே விரட்டுகிற ஏற்பாடு அது. ஒவ்வொரு படகுக்கும், சிறிய வள்ளத்துக்கும்கூட, அது போய்ச் சேர வேண்டும்.

ஊர் திரும்பியதும் பத்திரிகைக்கார நண்பர் ஒருவரிடம் சொன்னேன்: "தினந்தோறும் ஒரு மூலையில், 'நேற்றுக் கடலுக்குச் சென்ற படகுகள் யாவும் கரை திரும்பின' என்று ஒரு வரி போடுங்களேன்."

நண்பர் சிரித்தார். "எல்லாரும் திரும்பி வந்துவிட்டால் அதில் சமாசாரம் என்ன இருக்கிறது, ஐயா?" என்றார்.

"திரேஸ்புரத்துக்குப் போய்க் கேட்டுப் பாருங்கள்" என்றேன்.