முதுகுப் பக்கம் வந்த தண்ணீர்

கார்த்திகை பாதி தாண்டினால் திருநெல்வேலி டீக்கடைகளில் முதல் கேள்வி, "பாபநாசம் எவ்வளவு?" கேட்கப்படுவது அணையின் நீர்மட்டம். முழுக் கொள்ளளவு 143 அடி. 120-ஐத் தாண்டினால் பிசான நெல்லுக்குக் கவலையில்லை என்று முகம் மலரும். 140-ஐ நெருங்கினால் அதே முகம் லேசாக மாறும். மணிமுத்தாறு 118 அடி. அது வடகிழக்குப் பருவமழையை நம்பியே இருக்கிற அணை, நிதானமாகத்தான் ஏறும். இரண்டும் ஒரே வாரத்தில் நிரம்பிவிட்டால் தாமிரபரணி ஆற்றங்கரைத் தெருக்களில் பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்ய ஆரம்பிப்பார்கள்.

*

அணைக் கணக்கு பேப்பரில் வருவது. ஊர்க்காரர்களுக்குச் சொந்த அளவுகோல் வேறு உண்டு. ஜங்ஷன் பக்கம் என்றால் ஆற்றோரத் தைப்பூச மண்டபம்: படி முங்கிட்டா, தூண் பாதி முங்கிட்டா, மேல்தளம் மட்டும்தான் தெரியுதா. டவுன் பக்கம் என்றால் குறுக்குத்துறை முருகன்.

குறுக்குத்துறைக் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. நீர் வந்து மோதும் பக்கத்துச் சுவரைப் படகின் முனைபோலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் இரண்டாகப் பிளந்து விலகிப் போகும். தண்ணீர் ஏறுகிறது என்று தெரிந்ததும் உற்சவரையும் எடுக்கக்கூடிய சாமான்களையும் கரைமேல் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் பாறையிலேயே செதுக்கியவர், அவர் அங்கேயே இருப்பார். வெள்ளம் வடிந்ததும் சேற்றைத் தள்ளி, கழுவிவிட்டுப் பூஜையைத் தொடங்குவார்கள். இதை ஒரு விபத்தாக யாரும் பேசிக் கேட்டதில்லை. தண்ணீர் வரும் என்று ஒப்புக்கொண்டு கட்டிய கட்டடம். அதற்குப் பிறகு இந்தக் கரையில் நாம் கட்டிய எதற்கும், பேருந்து நிலையம், கலெக்டர் ஆபீஸ் உட்பட, அந்தப் புத்தி இல்லை.

*

2023 டிசம்பர் 17. ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் தேதி. விடியற்காலைக் கோயில் ஒலிபெருக்கிகளை மழைச்சத்தம் அமுக்கிவிட்டது. குமரிக்கடல் பக்கம் ஒரு காற்றுச் சுழற்சி என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். ஆனால் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. எல்லார் கண்ணும் இன்னும் வடக்கேதான்.

மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69. ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்துக்குச் சராசரியாக ஓராண்டு முழுக்கக் கிடைக்கும் மழையே காயல்பட்டினத்தின் அந்த ஒரு நாள் கணக்கைவிடக் குறைவு.

இந்த மூன்று ஊர்ப் பெயர்களையும் மறுபடி பார்க்க வேண்டும். மூன்றுமே மலையில் இல்லை. இரண்டு கடற்கரை, ஒன்று சமவெளி. மலைமேல் மாஞ்சோலையிலும் பேய்மழைதான். ஆனாலும் அணைக்கு மேலே பெய்கிற மழையைத்தான் ஷட்டர் போட்டுக் கொஞ்சமாவது பிடித்து வைக்கலாம். அணைக்குக் கீழே பெய்ததை யார் பிடிப்பது?

*

தாமிரபரணியை ஒரே ஓர் ஆறாக நினைப்பதில்தான் கோளாறு. பொதிகையிலிருந்து புன்னக்காயல் வரை சுமார் 128 கிலோமீட்டர். வழியில் எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் கால்வாய் பிரிகிறது. கடைசி இரண்டு, மருதூரும் ஸ்ரீவைகுண்டமும். மருதூரில் மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால். இவற்றில் வரிசையாகக் குளங்கள். ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்கு; அது நிரம்பினால் அதற்கடுத்த குளத்துக்கு. வறட்சிக்காலத்தில் ஒரு சொட்டையும் வீணாக்காத ஏற்பாடு. இதை முதலில் வகுத்தவர்களைக் கும்பிடத்தான் தோன்றும்.

ஆனால் எல்லாக் குளமும் ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருக்கும் மார்கழியில், 60 சென்டிமீட்டர் மழை நேராகக் குளத்துக்குள்ளேயே விழுந்தால்? மேலே ஒரு கரை உடைகிறது. அந்தத் தண்ணீர் முழுக்க, மறுகால் வழியாக அல்ல, உடைப்பு வழியாக அடுத்த குளத்தின் தலையில் போய் விழுகிறது. அது தாங்காது. அதற்கடுத்ததும் தாங்காது. தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுத்த அதே வரிசைதான் உடைப்பையும் கைமாற்றிக் கொடுத்தது.

வடகாலின் கடைசிக் குளம் கோரம்பள்ளம், தூத்துக்குடிக்குத் தலைமாட்டில். வடகால் தண்ணீர் மட்டுமல்ல, மணியாச்சி, ஓட்டப்பிடாரம் பக்கத்துக் காட்டு ஓடைத் தண்ணீரும் அதற்குத்தான் வந்து சேரும். 24 கண் மதகு இருந்தும் கரை போய்விட்டது. தூத்துக்குடியில் பல தெருக்களில் வாரக்கணக்கில் நின்ற தண்ணீரைத் தாமிரபரணி வெள்ளம் என்று டிவியில் சொன்னார்கள். அதில் பாதிக்குத் தாமிரபரணி பொறுப்பில்லை.

ஆற்றங்கரைக் கிராமங்களில் இதையே வேறு மாதிரிச் சொல்கிறார்கள். ஏரல் பக்கம் ஒரு பெரியவர்: "ஆத்தப் பாத்துக்கிட்டே வாசல்ல நின்னோம் தம்பி. கொல்லப்பக்கமாட்டு வந்துட்டு."

*

1992 நவம்பர் வெள்ளம் அறுபதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் நேற்று நடந்ததுதான். அது மலையில் கொட்டி, அணைகள் திறந்து, ஆற்று வழியாகவே வந்தது. அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் ஏகப்பட்ட உயிர்ச்சேதம். அந்த வெள்ளம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அளவுகோலைக் கொடுத்துவிட்டுப் போனது: "தொண்ணூத்திரெண்டுலயே நம்ம வாசப்படி நனையல."

31 வருடம் கழித்து அந்த வாக்கியத்தை நம்பி வீட்டை விட்டு வராமல் இருந்தவர்கள் பலர். அனுபவம் பெரிய சொத்துதான். ஆனால் ஒரு வெள்ளத்தின் அனுபவம் அந்த வெள்ளத்துக்குத்தான் செல்லும்.

*

ஸ்ரீவைகுண்டம் ரயில்நிலையம் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17-ம் தேதி இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. செய்துங்கநல்லூர் பக்கம் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ரயிலில் சுமார் 800 பேர். சுற்றிலும் தண்ணீர். ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னால் அந்த மக்களுக்குச் சோறு போட்டது பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள். அவர்களுக்கும் அன்று மழைதான், மின்சாரம் இல்லைதான். அம்மன் கோயிலில் பாத்திரத்தை ஏற்றிவிட்டார்கள்.

ரயிலை அந்த நிலையத்திலேயே நிறுத்திவைத்த முடிவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்னும் சில கிலோமீட்டர் போயிருந்தால் எழுத வேண்டிய செய்தி வேறு.

*

வெள்ளம் போன பிறகு வருவது சேறு. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஏரல் கடைத்தெருவில் பார்த்தது: ஒரு ஜவுளிக்கடையில் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே பழுப்புக் கோடு. அதற்குக் கீழே ரேக்குகளில் மடிப்புக் கலையாத வேட்டிகள், ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் களி. கடைக்காரர் ஒரு வேட்டியை உதறிக் காட்டினார், உதறவே முடியவில்லை. பலகை மாதிரி நின்றது. தைப்பொங்கலுக்கென்று கடனுக்கு இறக்கிய சரக்கு. "தண்ணி வந்தா காயும் அண்ணாச்சி. இது காஞ்சா சிமெண்டு." கல்லாப்பெட்டியில் இருந்த நோட்டுகளைக் கயிற்றில் கிளிப் போட்டுக் காயவைத்திருந்தார். பற்றுவரவு நோட்டு கரைந்தே போயிருந்தது. யார் யார் எவ்வளவு பாக்கி என்பது இனி அவரவர் மனசாட்சிப்படி.

ஆத்தூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்கள், ஏரல் பக்கம் வாழை. நெல் இரண்டு நாள் தண்ணீரில் நின்றாலும் எழுந்துவிடும். கொடிக்காலில் தண்ணீர் தங்கினால் வேர் அழுகும். புதிதாகக் கொடி வைத்துப் பறிப்புக்கு வர மாதங்கள் ஆகும். அதுவரை பறிப்புக் கூலிக்குப் போன பெண்களுக்கு வேலை கிடையாது. பயிர்ச்சேதக் கணக்கெடுப்பில் அவர்களுக்குக் கட்டம் இல்லை. நிலம் யார் பேரில் என்பதுதான் முதல் கேள்வி.

*

சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை. கூட்டுக் குடிநீர்த் திட்டங்களுக்கான உறைகிணறுகளும் மோட்டார் அறைகளும் ஆற்றுக்குள்ளேயேதான் இருக்கின்றன. ஆறு பெருகினால் முதலில் போவது அவைதான். குழாய்களை அடித்துக்கொண்டு போனபின் லாரித் தண்ணீர்.

*

"விநாடிக்கு 50 ஆயிரம் கன அடி திறப்பு, கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்." ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். ஆக விநாடிக்கு 14 லட்சம் லிட்டர். சரி, அதனால் என் தெருவுக்கு வருமா, வராதா? அதை அந்த ஆட்டோ சொல்லாது.

வேண்டியது பெரிய தொழில்நுட்பம் இல்லை. ஒவ்வொரு தெருமுனை மின்கம்பத்திலும் பெயின்ட்டில் ஒரு கோடு: 2023-ல் இதுவரை. அதற்குப் பக்கத்தில், ஆற்றில் எவ்வளவு போனால் தண்ணீர் இந்தத் தெருவுக்குள் நுழையும் என்று ஓர் எண். மறுகால் எந்தப் பக்கம் பாயும் என்று ஓர் அம்புக்குறி. ஐந்நூறு ரூபாய் பெயின்ட் வேலை.

*

தாமிரபரணியின் கன்னடியன் அணைக்கட்டிலிருந்து வெள்ளநீரைக் கருமேனியாறு, நம்பியாறு வழியாகச் சாத்தான்குளம், திசையன்விளை வறட்டு நிலங்களுக்குக் கொண்டுபோகும் கால்வாயின் வேலை 2009-ல் தொடங்கியது. நல்ல திட்டம்தான். தேரிக்காட்டு ஓரத்துக் கிணறுகள் ஊறும். ஆனால் இந்தக் கால்வாய் வந்தால் ஏரலுக்கு வெள்ளம் வராது என்று மேடையில் பேசியதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. அது தாங்குவது விநாடிக்குச் சில ஆயிரம் கன அடி. பெருவெள்ளத்தின் கணக்கு லட்சத்தில். போதாக்குறைக்கு, கால்வாய் பிரிவது மேலே. 2023-ன் மழை விழுந்தது அதற்கு வெகு கீழே.

*

2024 டிசம்பர் நடுவில் மறுபடியும். இந்த முறை மலையில், ஊத்து, மாஞ்சோலைப் பக்கம் கொட்டியது. குறுக்குத்துறைக் கோயில் மறுபடி முங்கியது. கடைக்காரர்கள் ஒலிபெருக்கி ஆட்டோ வருவதற்கு முன்பே சரக்கை மாடிக்கு ஏற்றிவிட்டார்கள்.

*

முன்பெல்லாம் அடைமழை இரவில் குளத்துக்கரையில் ஆள் இருக்கும். லாந்தர், மண்வெட்டி, நாலு சாக்கு மண். எங்காவது நண்டு வளையில் நீர் கசிந்தால் அப்போதே அடைத்துவிடுவார்கள். நீர்பாய்ச்சிக்கு அறுப்பில் நெல் அளப்பார்கள், அந்தக் கூலிக்கு இந்தக் காவலும் சேர்த்தி. இப்போது நெல் அளப்பதும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு குளத்தில் ஷட்டரின் திருகுக்கம்பி துருப்பிடித்து அசையாமல் நிற்பதைப் போன ஐப்பசியில் பார்த்தேன். பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டேன். "சாவியா? கைப்பிடியவே கழட்டிட்டுப் போயிட்டாவ. எடைக்குப் போட்டிருப்பாவ."