லொயோலா: படுக்கையில் தொடங்கிய பயணம்

ஸ்பெயின் நாட்டின் வடகோடியில், பாஸ்க் மக்கள் வாழும் மலைப்பகுதியில், ஊரோலா என்னும் சிற்றாறு ஓடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி மழை பெய்வதால் மலைச்சரிவுகள் எப்போதும் பசுமையாகவே இருக்கும். ஆற்றங்கரையில் அஸ்பெய்த்தியா, அஸ்கோய்த்தியா என்று இரண்டு ஊர்கள். இவற்றுக்கு இடையே, இசரைத்ஸ் மலை காவல் நிற்க, அமைந்திருக்கிறது லொயோலா. புனித இஞ்ஞாசியார் 1491-ஆம் ஆண்டில் பிறந்த இடம் இதுவே.

தொலைவிலிருந்து முதலில் கண்ணில் படுவது பேராலயத்தின் உயர்ந்த குவிமாடம். இத்தாலியச் சிற்பி கார்லோ ஃபொந்தானா வகுத்த இவ்வாலயம் வட்ட வடிவில் அமைந்தது. 1738-இல் இதற்கு அபிஷேகம் நடந்தது. ஆலயத்தையும் துறவற இல்லத்தையும் சுற்றிப் பார்ப்பவர்கள், லொயோலா குடும்பத்தின் பழைய கோபுர வீட்டை எதிர்பாராமல் காண்பார்கள். பேழைக்குள் பொதிந்து வைத்த பாட்டியின் நகையைப் போல, பெரிய கட்டடத்திற்குள் அந்த வீடு அப்படியே காக்கப்பட்டிருக்கிறது.

அவ்வீட்டின் சுவரே ஒரு வரலாறு. கீழ்த்தளங்கள் பருத்த கருங்கல், மேல்தளங்கள் சிவந்த செங்கல். பதினைந்தாம் நூற்றாண்டில் இப்பகுதிப் பிரபுக்கள் ஓயாமல் தமக்குள் போரிட்டதால், அரசர் அவர்களுடைய கோட்டை வீடுகளின் மேற்பகுதியை இடிக்கச் செய்தார். நாடு கடத்தப்பட்டுத் திரும்பிய இஞ்ஞாசியாரின் பாட்டனார், மேல்தளங்களைக் கோட்டையாகக் கட்டாமல் குடியிருக்கும் மனையாகச் செங்கல்லால் கட்டினார். போர்க்கோட்டை வீடாக மாறிய அந்த மேல்தளத்திலேதான், பின்னர் ஒரு போர்வீரர் புனிதராக மாறினார்.

நாம் அங்கே தங்க நேர்ந்த கதை

லொயோலாவிலிருந்து மன்ரேசா நகர் வரை ஏறக்குறைய 650 கிலோமீட்டர் நீளும் இஞ்ஞாசியார் திருப்பயண வழி உண்டு. நண்பர்கள் சிலரோடு அதன் ஒரு பகுதியையேனும் நடந்து முடிப்பது என்று நாம் திட்டமிட்டிருந்தோம். பல ஆண்டுகளாகக் காலை ஓட்டம் நமது வழக்கம் ஆதலால் நடை ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை. ஆனால் புறப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன், ஓடிக்கொண்டிருந்தபோது இடது குதிகாலின் தசைநாண் பாதிக்கப்பட்டது. உடலிலேயே பருமனான தசைநாண் அது. ஆயினும் இரத்த ஓட்டம் குறைந்த பகுதியாதலால் மெதுவாகவே ஆறும். "ஓட்டமும் கூடாது, நெடுநடையும் கூடாது" என்றார் மருத்துவர். பயணச்சீட்டுகள் எடுத்தாகிவிட்டன. ஆகவே நண்பர்கள் நடக்க, நாம் மட்டும் லொயோலாவின் தியான இல்லத்தில் எட்டு நாள்கள் தங்குவது என்று முடிவாயிற்று.

முதல் இரண்டு நாள்கள் கசந்தன. விடியற்காலையில் கைத்தடியோடும் முதுகுப் பையோடும் புறப்படும் திருப்பயணிகளைச் சன்னலருகே அமர்ந்து பார்ப்பது எளிதன்று. செபிக்க அமர்ந்தால், "ஆண்டவரே, இந்தக் காலைக் குணமாக்கும்" என்பதற்கு மேல் சொல் வரவில்லை.

இரண்டாம் நாள் மாலை, தோட்டத்தில் சக்கர நாற்காலியில் இருந்த முதிய துறவி ஒருவர் நமது நொண்டலைக் கவனித்து, "எந்தக் கால்?" என்று கேட்டார். இடது என்றோம். "நம் தந்தை இஞ்ஞாசியாருக்கு வலது. அவருக்கும் படுத்திருப்பது பிடிக்கவில்லை" என்று சொல்லிச் சிரித்தார். மறுநாள் காலை நாம் மேல்தளத்திற்கு ஏறினோம்.

மேல்தளத்து அறை

அந்த அறை இன்று சிற்றாலயமாக இருக்கிறது. இனிகோ தம்மை இறைவனிடம் ஒப்படைத்த இடம் இது என்னும் பொருளில் விட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். காயமுற்றுச் சாய்ந்தபடி, கையில் நூலோடு மேல்நோக்கும் இஞ்ஞாசியாரின் உருவம் ஒன்று அங்கே உண்டு.

1521-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள், பம்ப்லோனா கோட்டையைப் பிரெஞ்சுப் படை தாக்கியபோது, பீரங்கிக் குண்டு ஒன்று அவருடைய வலக்காலை முறித்தது; இடக்காலிலும் காயம். எதிரிகளே மருத்துவம் செய்து, தூக்குக் கட்டிலில் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். எலும்பு சரியாகப் பொருந்தாததால் மீண்டும் முறித்துக் கட்டினார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். அவர் வாய் திறந்து கதறாமல், கைகளை இறுக மூடிக்கொண்டு தாங்கினார். காய்ச்சல் முற்றியது, கடைசி தேவதிரவிய அனுமானங்களையும் பெற்றார். இராயப்பர் சின்னப்பர் திருநாளின் முந்திய இரவில்தான் ஆபத்து நீங்கியது.

அப்போதும் அவர் மனம் மாறிவிடவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. முழங்காலின் கீழ் எலும்பு துருத்தி நின்றது, கால் குட்டையாயிற்று. அரசவைக்கு ஏற்ற மிதியடி அணிய முடியாதே என்று, அந்த எலும்பை அறுத்தெடுக்கச் செய்தார். காலை நீட்ட நாள்கணக்கில் இழுத்துக் கட்டவும் இசைந்தார். துன்பம் தானாகவே மனிதனைப் புனிதனாக்கிவிடுவதில்லை. துன்பத்தில் கிடைக்கும் ஓய்வை என்ன செய்கிறோம் என்பதிலேயே எல்லாம் இருக்கிறது.

பொழுது போக்க வீரக் கதைகளைக் கேட்டார்; வீட்டில் இல்லை. அண்ணியார் மக்தலேனா கொடுத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர்களின் சரிதையும்தான். படித்துப் படித்து, ஆண்டவரின் சொற்களைச் சிவப்பு மையாலும் தேவ அன்னையின் சொற்களை நீல மையாலும் எழுதி வைத்தார்.

இடையிடையே ஒரு சீமாட்டியைப் பற்றி மணிக்கணக்கில் கனவு காண்பார். அது இனிக்கும்; முடிந்தபின் மனம் வறண்டுபோகும். எருசலேமுக்கு வெறுங்காலோடு நடப்பதை நினைத்தாலோ, நினைவு நீங்கிய பின்னும் மகிழ்ச்சி நிலைத்திருக்கும். இந்த வேற்றுமையை அவர் ஒருநாள் உணர்ந்தார். கத்தோலிக்க உலகுக்குப் பெருஞ்செல்வமான 'ஆன்மப் பயிற்சிகள்' என்னும் நூலின் விதை இந்தப் படுக்கையில் விழுந்ததுதான்.

அவ்வறையில் நாமும் அதே சோதனையைச் செய்து பார்த்தோம். அடுத்த ஓட்டப் போட்டியில் முந்தி வருவதாக எண்ணினோம். இனித்தது, ஆனால் விரைவில் தீர்ந்துபோயிற்று. பின்னர், அவ்வேளையில் மலைப்பாதையில் நடந்துகொண்டிருந்த நண்பர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அவர்தம் குடும்பக் கவலைகளையும் எடுத்துரைத்து, இறைவனிடம் மன்றாடினோம். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. எழுந்தபோது குதிகால் வலித்தது, மனம் வலிக்கவில்லை. எஞ்சிய நாள்களில் அதுவே நமது நடைப்பயணமாயிற்று. ஊரில் முதல் வெள்ளிதோறும் குருவானவர் நற்கருணை கொண்டு செல்லும் படுக்கை நோயாளிகளின் முகங்களும் அப்பட்டியலில் சேர்ந்தன. அவர்களுடைய ஒரு பகற்பொழுது எவ்வளவு நீளமானது என்பதை அங்கேதான் அறிந்தோம்.

நொண்டியவரும் தாவியவரும்

1522-இன் தொடக்கத்தில் இஞ்ஞாசியார் இவ்வீட்டை விட்டுப் புறப்பட்டார். மொன்செராத் மலையில் தேவ அன்னையின் திருமுன் தம் வாளை வைத்தார். மன்ரேசாவில் பல மாதங்கள் தவம் புரிந்தார். வாழ்நாளெல்லாம் சற்று நொண்டியே நடந்தார்; தம் வரலாற்றைச் சொல்லும்போதோ தம்மைத் 'திருப்பயணி' என்றே குறிப்பிட்டார்.

பாரிஸ் நகரில் அவருக்கு வாய்த்த தோழர் பிரான்சிஸ் சவேரியார். இவருடைய தமையன்மார் 1521-ஆம் ஆண்டுப் போரில் எதிரணியில் நின்றவர்கள். மாணவப் பருவத்தில் சவேரியார் தாவுதல் முதலிய விளையாட்டுகளில் வல்லவர் என்று பழைய வரலாறுகள் கூறுகின்றன. நொண்டியவர் உரோமையில் அமர்ந்து சபையை நடத்த, வலிய கால்கள் உடையவர் 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து மணற்கரை நெடுக நடந்தார். அருளானந்தரும் வீரமாமுனிவரும் அதே சபையின் மைந்தர்கள். தமிழகத் திருச்சபை அந்தப் படுக்கைக்குக் கடன்பட்டிருக்கிறது என்றால் மிகையாகாது.

கிறிஸ்தவ வாழ்வை ஓட்டப் பந்தயத்திற்கு ஒப்பிட்டவர் புனித சின்னப்பர். தம் ஓட்டத்தை முடித்துவிட்டதாகத் தீமோத்தேயுவுக்கு அவர் எழுதியபோது விலங்கிடப்பட்டிருந்தார். ஓரடி எடுத்து வைக்க இயலாதவரும் ஓடி முடிக்கக் கூடிய பந்தயம் இது ஒன்றுதான்.

குடும்பங்களுக்கு ஒரு சொல்

லூர்து நகருக்குத் திருப்பயணம் செல்வோர் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கினால் லொயோலாவையும் தரிசிக்கலாம். பில்பாவோ, சான் செபஸ்தியான் நகர்களிலிருந்தும் சாலை வசதி உண்டு. ஜூலை 31, புனிதரின் திருநாள்.

செல்ல இயலாதவர்கள் அவருடைய ஆத்தும சோதனையை வீட்டிலேயே கைக்கொள்ளலாம். இரவுச் செபத்தில் கால் மணி நேரம் போதும். அன்று பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுதல், தூய ஆவியின் ஒளியை வேண்டுதல், நாளின் நிகழ்ச்சிகளை எண்ணிப் பார்த்தல், குறைகளுக்கு மன்னிப்புக் கேட்டல், நாளைக்கு ஒரு தீர்மானம் எடுத்தல் ஆகிய ஐந்தே படிகள். மனம் வறண்டிருக்கும் வேளையில், முன்பு எடுத்த நல்ல முடிவை மாற்றக்கூடாது என்பதும் அவர் கற்பித்த பாடம்.

நம் இல்லங்களில் கால் முறிந்த மைந்தன் இருக்கலாம், முடக்குவாதத்தால் படுத்த பாட்டி இருக்கலாம். அவர்களுக்கு மருந்தும் கஞ்சியும் கொடுப்பதோடு, மக்தலேனாவைப் போல ஒரு நல்ல நூலையும் கையில் கொடுப்போம். நமக்காகச் செபிக்கும் பணியையும் அவர்களிடம் ஒப்படைப்போம். இறைவன் அந்தப் படுக்கையிலிருந்து யாரை எங்கே அனுப்பவிருக்கிறார் என்பதை நாம் யார் அறிவோம்?